தென்னை மூட்டில் மட்காத ஸ்டிக்கர்

அக்டோபர் 6, திங்கள்

விடியும்போது கனத்த மழை. எட்டு மணிக்கு வெறித்தது. சந்தைக்குப் போய் சிப்ஸுக்கு ஏத்தன் வாழைக்குலை நான்கு. நல்ல முற்றல். ஒன்றில் மட்டும் இரண்டு காய் பழுத்திருந்தது, அவித்துச் சாப்பிட்டாயிற்று.

மீதி வேலை: தேங்காயெண்ணெய்க்குச் சொல்லிவைக்க. புது ஸ்டிக்கர் அச்சுக்கு ஒப்புதல் கொடுக்க. கடைவாய்ப் பல், டாக்டர். பிந்துவுக்குப் பதில்.

பிந்து திருவனந்தபுரத்தில் கடை வைத்திருக்கிறாள். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பொருள்கள் மட்டும் விற்கிற கடை. மாதிரிக்கு அனுப்பிய சிப்ஸ் பிடித்துப்போய், நவம்பரிலிருந்து வாராவாரம் கேட்கிறாள். "பச்ச இலைப் படம் மட்டும் கொஞ்சம்கூடி பெருசா வேணும் சேச்சி. முன்பக்கத்துலயே 'மட்கும் உறை'ன்னு எழுதணும். கஸ்டமர் முதல்ல நோக்குறது அதாக்கும்."

அன்றிலிருந்து என் அண்ணன் மனைவி செல்வி மைனிக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் துபாயிலிருந்து முதுகுவலியோடு வந்து படுத்தபிறகு அந்த வீடு மைனியின் கையில். என்னோடு வாரத்தில் இரண்டு நாள் சிப்ஸ் வறுக்கிறாள். இந்த ஆர்டர் கிடைத்தால் எல்லா நாளும் வேலை இருக்கும். முந்திரி உடைக்கிற அண்டியாபீசுக்கு, விரலெல்லாம் கறை பொள்ள, மறுபடி போக வேண்டாம்.

சாயங்காலம் தாசையன் அண்ணன் வந்தார். எங்கள் சபைக் கோயிலில் தோட்டமும் மணியும் அவர் பொறுப்பு. தென்னைக்கு உரம் வைக்க மூட்டில், அடிமரத்தைச் சுற்றி, தடம் தோண்டியிருக்கிறார். கையில் ஒரு கொத்து, பாம்புச் சட்டைபோல.

"டீச்சரே, இதப் பாத்தியளா? ஒங்களுக்க சாதனம். எல்லா மூட்டுலயும் கெடக்கு. மம்பட்டியில சுத்திச் சுத்தி வருது."

எங்கள் சிப்ஸ் உறை. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தோம். வெளிப்புறப் பழுப்புக் காகிதம் மட்கிப்போயிற்று. உள்ளே இருந்த மெல்லிய படலம் அப்படியே. ஸ்டிக்கரும் அப்படியே, நிறம்கூட மங்காமல். அதில் என் மகள் ஜெனி எழுதிய வாசகம்: "என்னை மண்ணில் போடுங்கள். உரமாகிவிடுவேன்."

தாசையன் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதை உரக்க வாசித்தார். பிறகு, "நல்ல எழுத்து" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. 'மண்ணில் போடு' என்றால் நம் ஊரில் வேறு எங்கே போடுவார்கள்? மீன் கழுவிய தண்ணீர், செதில், சாம்பல், உப்பு, எச்சில் இலை எல்லாம் தென்னை மூட்டுக்குத்தான். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள். சொன்னதைச் செய்தார்கள்.

உறை விற்ற கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். மிகவும் மரியாதையான மனிதர்.

"மட்கும் மேடம், கண்டிப்பா மட்கும். ஆனா அதுக்குன்னு சூடு வெக்கிற பிளான்ட் இருக்கணும். வீட்டு மண்ணுல நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"அது மண்ணப் பொறுத்து மேடம்."

"ஸ்டிக்கர்?"

"ஸ்டிக்கர் பிளாஸ்டிக்தான மேடம். அது நம்மளது இல்ல."

சரிதான். ஸ்டிக்கர் என்னுடையது. தாவரவியல் முதுகலை படித்தவள், பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் மட்குவது என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டவள், உறையைத் தேடித் தேடி வாங்கினேன். அதன்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வாசகத்தை மட்டும் ஏழெட்டு முறை திருத்தினோம்.

மைனியிடம் சொன்னேன். மைனி ஏத்தங்காய்த் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"அவிய கேட்டது இலைப் படம். நீ இலைப் படம் போடு. மண்ணுக்குள்ள என்ன நடக்குன்னு திருவனந்தபுரத்துக்காரி வந்து தோண்டிப் பாக்கவா போறா?"

அச்சகத்துக்கு, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று செய்தி அனுப்பினேன்.


அக்டோபர் 9, வியாழன்

நாகர்கோவில். பல் டாக்டர் சொன்னது: வேர் சிகிச்சை, மூன்று தடவை வர வேண்டும். வாயின் ஒரு பக்கம் மரத்துப்போய், பெரிய கடை ஒன்றில் நேரம் போக்கினேன். லேபிள் லேபிளாக வாசித்தேன். கடைப் பையன் இரண்டு தடவை, "என்ன வேணும் மேடம்?" மரத்த வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பார்த்தவை:

மூங்கில் பிரஷ். பிடி மூங்கில், மயிர் நைலான், மேலே பிளாஸ்டிக் கூடு.

தரை துடைக்கும் திரவம். இலை, நீர்த்துளி, பூமிப்பந்து மூன்றும் ஒரே பாட்டிலில். ஒன்று போதாதென்று நினைத்துவிட்டார்கள்.

பிஸ்கட். உறை முழுக்கச் சாக்குத்துணி நெசவு, சணல் கயிறு முடிச்சு. தொட்டுப் பார்த்தால் எல்லாம் படம். அச்சடித்த சணல்!

'மறுசுழற்சி செய்யத்தக்கது.' யார் செய்வார், எங்கே கொண்டுபோய்க் கொடுக்க, ஒன்றும் இல்லை.

கீழ்த்தட்டில் கண்ணாடிப் பாட்டிலில் தேன். 'தேன்' என்று மட்டும். அதன்மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது.

முன்பெல்லாம் எல்லாம் பளபளப்பாக இருந்தது, இப்போது எல்லாம் பழுப்பாக. காகிதம் மாதிரித் தெரிந்தால் போதும். பென்சிலால் எழுதியது மாதிரி எழுத்து. நானும் அதைத்தானே செய்தேன். ஜெனியிடம், "கையால் எழுதின மாதிரி இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான்.

திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர்:

"இப்ப எல்லாத்துலயும் ஒரு பச்ச இலை போட்டிருக்கான் பிள்ளே. கக்கூஸ் கழுவுறதுல கூட."

"அது போட்டா கூடுதல் வெல வைக்கலாம்லா."

"நீ வாங்குனியா?"

"வாங்குனேன். சவம், பாக்கக் கொள்ளாமா, அழகா இருந்து."

சிரிப்பு வந்தது. மரத்த பக்கம் சிரிக்கவில்லை, மற்ற பக்கம் சிரித்தது.


அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எனக்க பாக்கெட்டு உரமாயிட்டா? அந்தா, அந்தத் தெங்குக்க மூட்டுலதான் போட்டேன். இப்ப நெறைய காய் வந்திருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். நிஜமாகவே நல்ல காய்ப்பு.

"பாத்துச் சொல்லுகேன் மக்ளே" என்றேன். வேறு என்ன சொல்ல.

மதியம் மீன் குழம்பு. சாளை. தூக்கம் வரவில்லை. அந்தத் தென்னைமரம் என் பாக்கெட்டால் காய்த்தது என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. புது ஸ்டிக்கரில் இலையைப் பெரிதாக்கினால் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் ஏமாற்றுகிறேன். பெரியவர்கள் எப்படியும் பாதி நம்புவதில்லை.

முடிவு செய்துவிட்டேன். இலை வேண்டாம். 'மட்கும்' வேண்டாம்.

முடிவு செய்ததும் பசித்தது. மீதிச் சாளையும் தீர்ந்தது.


அக்டோபர் 13, திங்கள்

பிந்துவிடம் உள்ளதைச் சொன்னேன். பின்னால் கடையில் ஏதோ பாட்டு ஓடியது.

"சேச்சி நேரா சொன்னது நல்லது. பக்ஷே, இலை இல்லாம நான் எப்படி வைக்கிறது? நம்ம கடைக்கு வர்ற ஆள்கள் அது கண்டுதானே எடுக்குது." பிறகு, "ஆலோசிச்சுச் சொல்றேன்."

'ஆலோசிச்சுச் சொல்றேன்' என்றால் இல்லை என்றுதான். கல்யாணத் தரகர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

மைனியிடம் சொல்வது அதைவிடக் கடினம். கேட்டுவிட்டு அரிவாளைக் கழுவினாள், துடைத்தாள், மாட்டினாள்.

"ஒனக்கு மாசம் பொறந்தா ஒனக்க மாப்பிள்ளைக்க சம்பளம் இருக்கு. எனக்கு இந்த அடுப்புதான பிள்ளே."

உண்மை.

"நான் ஒன்னயக் குத்தம் சொல்லல்ல" என்று வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னாள். "நீ பொய் எழுதுனா ஒனக்கு ஒறக்கம் வராதுன்னு எனக்குத் தெரியாதா? காலேஜ்ல படிக்கும்போதே நீ அப்படித்தான். வெளங்காத்தது."

அவள் என்னைத் திட்டினால் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. திட்டாமல் போயிருந்தால்தான் பயம்.


அக்டோபர் 16, வியாழன்

மழை. துணி காயவில்லை. வாளியில் மண் நிரப்பி, உறைத் துண்டு ஒன்று, வெறும் காகிதத் துண்டு ஒன்று, வாழையிலைத் துண்டு ஒன்று புதைத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நட்டிருக்க?" சொன்னேன். "முளைச்சா சொல்லு" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு போனார்.

பல், இரண்டாம் தடவை. வலி குறைவு.

பிந்துவிடமிருந்து ஒன்றும் இல்லை.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டு லதா ஒரு சில்வர் தூக்கு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். பாசிப்பயறும் கருப்பட்டியும் மணக்க மணக்க. பூனைக்குப் பயந்து உத்தரத்தில் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் தூக்கைக் கழுவித் துடைத்து, அதில் சிப்ஸை நிறைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. நடையில் அவள் வாங்கிக்கொண்டு, "என்னத்துக்கு இதெல்லாம்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு நான் அப்பமும் கறியும் கொடுப்பேன், அவள் பாத்திரத்தில் சீனி போட்டுத் தருவாள். நான், "என்னத்துக்கு இதெல்லாம்" என்பேன். இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான்.

திரும்பி வரும்போது கேட்டருகில் நின்றுவிட்டேன். இத்தனை வருடமாக அந்தத் தூக்கு அங்கும் இங்கும் போய்வருகிறது. அதில் ஒரு இலைப் படமும் இல்லை.

மைனிக்குப் போன். "தகர டின்னுல குடுத்தா என்ன மைனி? காலி டின்ன வாங்கிட்டு அடுத்த டின்னு குடுக்கலாம்."

"திருப்பித் தருவாவளா?"

"நம்ம ஆளுவ பாத்திரத்த வச்சுக்கிட்டு இருப்பாவளா?"

மைனி யோசித்தாள். "அதுவும் செரிதான். நான் நம்ம சபை லில்லிக்க குத்துப்போணிப் பாத்திரத்த ரெண்டு நாள் வச்சதுக்கு வாசல்ல வந்து இருமிக்கிட்டு நின்னா."


அக்டோபர் 24, வெள்ளி

கோட்டாறு. மொத்தக் கடையில் டின் பார்த்தோம். முறுக்கு, அச்சுமுறுக்கு போடுகிற உருண்டை டின். மூடி இறுக்கம். மைனி ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காதில் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கடைக்காரர், "அம்மா, அது ரேடியோ இல்ல" என்றார். "காத்து போனா சிப்ஸு தொவண்டு போவும். ஒமக்கு என்ன தெரியும்" என்றாள்.

லேபிள் வெறும் காகிதம். மைதாப் பசை. பெங்களூரிலிருந்து ஜெனி வாசகம் கேட்டாள். நான் சொன்னதை அப்படியே போட்டாள். உரிம எண், தேதி, எடை போக:

"டின்னைக் கழுவி வெயிலில் காயவைத்துத் திருப்பித் தாருங்கள். இந்தக் காகிதம் தண்ணீரில் ஊறினால் கழன்று வரும். இதை மட்டும் தென்னை மூட்டில் போடலாம்."

"அம்மா, 'தென்னை மூடு' பெங்களூர்ல யாருக்கும் புரியாது."

"பெங்களூர்ல விற்கல."

"எழுத்து?"

"சாதாரண அச்செழுத்து போதும்."

போனில் ஒரு பெருமூச்சு. பிறகு, "அச்சு மை மட்குமா?" என்றாள். தெரியவில்லை. கேட்க வேண்டும். அச்சகத்தில் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

என் மகள்தான். சந்தேகமில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

முதல் டின்கள் இன்று. ஆராதனைக்குப் பிறகு சபை வாசலில் மேசை போட்டோம். டின்னுக்குத் தனியாக முன்பணம், டின் வந்தால் பணம் திரும்பும். மைனி வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். வியாபாரத்துக்கு வெள்ளை வேண்டாமென்று சொன்னதைக் கேட்கவில்லை. எண்ணெய்க் கறை.

லில்லி அக்கா: "டின்னுக்கு முன்பணமா? என்ன ஏட்டி, நான் டின்னத் தூக்கிட்டு ஓடிருவேனா?"

மைனி: "ஒன்னயச் சொல்லல்ல. ஒனக்க மவளச் சொன்னேன்."

அந்தச் சின்னப் பெண் வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பாக்கெட் உரமாகவில்லை, தாசையன் மாமா எடுத்துவிட்டார், நான் தப்பாக எழுதிவிட்டேன். மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப காய்?"

"அது தெங்கு தானா காய்ச்சது."

"கொள்ளாம்" என்றாள். ஏமாற்றமே இல்லை. மரத்தின் மேல் மதிப்பு கூடிவிட்டதுபோல் தோன்றியது.

எல்லா டின்னும் தீர்ந்தது. ஆனால் எங்கள் சபை சிறியது. இது மைனிக்கு எல்லா நாளும் வேலை தராது.


நவம்பர் 8, சனி

டின்கள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. ஒன்றும் வெறுமனே வரவில்லை!

ஒன்றில் காந்தாரி மிளகாய். ஒன்றில் முருங்கைக்கீரை, திணித்துத் திணித்து. சாதிக்காய் நாலு, தொலியோடு. தாசையன் அண்ணன் டின்னில் கோயில் தோட்டத்துக் கறிவேப்பிலை. ஒருவர் பூண்டு ஊறுகாயே ஊற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மணம் போக மூன்று முறை கொதிநீர். இவ்வளவையும் என்ன செய்ய. லேபிளில் இன்னொரு வரி சேர்க்கலாமா என்று நினைத்தேன்: "வெறுமனே தந்தால் போதும்." மைனி பதறிவிட்டாள்.

"அப்படி எழுதாத. பாத்திரத்த வெறுசா குடுத்தா அத்தோட தீந்து போச்சுன்னுலா அர்த்தம்."

லில்லி அக்காவின் டின் மட்டும் முதலில் வெறுமனே வந்தது. மைனி முகம் இருண்டது. அரை மணி கழித்து லில்லி அக்காவே மூச்சு வாங்க ஓடி வந்தாள், மடியில் நாலு எலுமிச்சை. மகள் அவசரத்தில் மறந்துவிட்டாளாம்.


நவம்பர் 10, திங்கள்

வாளி மண்ணைக் கிளறினேன். வாழையிலையைக் காணோம். காகிதம் கூழ். உறைத் துண்டு, கழுவினால் புதுசு.

சந்தையிலிருந்து காய்கறி ஏற்றித் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும் டிரைவர் மணியின் வண்டியில் பிந்துவுக்கு ஒரு டின் சிப்ஸ் கொடுத்துவிட்டேன். கேட்காமலேதான். மைனியிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி மறுபடி ஏமாற்ற வேண்டாம்.

பல், மூன்றாம் தடவை. முடிந்தது. இரண்டு பக்கமும் மெல்லலாம்.


நவம்பர் 15, சனி

காலையில் வெயில், மழைக்குப் பின் வருகிற மஞ்சள் வெயில். மைனி காய் சீவிக்கொண்டிருந்தாள். மணியின் வண்டி வாசலில் நின்றது. உள்ளே வராமல் ஜன்னல் வழியாக டின்னை நீட்டினான்.

"திருவனந்தபுரத்துலயிருந்து திருப்பித் தந்தாவ டீச்சரே."

வண்டி போய்விட்டது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அதே லேபிள், கழற்றவேயில்லை. ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை.

மைனி பார்த்துவிட்டாள். "அவளுக்கு அனுப்புனியா?"

"அனுப்புனேன்."

"திருப்பி விட்டாளா?"

டின்னை அவளிடம் கொடுத்தேன். மைனி அரிவாள் நுனியால் டேப்பைக் கீறி மூடியை நெம்பினாள். உள்ளே கறுப்பாக, பளபளவென்று, ஆட்டினாலும் அசையாதபடி அடுக்கி அமுக்கிய, மீன் குழம்புக்குப் போடுகிற கொடம்புளி. அடுக்களை முழுக்கப் புகை மணம்.

மைனி ஒரு சுளையை எடுத்து முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள்.

"நல்ல புளி. வீட்டுல ஒணக்குனது."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டின்னை என் கையில் தந்துவிட்டு எழுந்தாள்.

"டின்னு வெறுசா வரல்லல்லா. போன் வரும் பாரு" என்றாள். "வாரம் எத்தனை டின்னு வேணும்னு கேட்டு வை."

அறையில் போன் அடித்தது. மைனி திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டாவது அடுப்பையும் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.